கறுப்பு மணல் சுடுவது தோரியத்தாலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மணவாளக்குறிச்சி கடற்கரையில் மதியம் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும், பத்தடி போவதற்குள் மணல் துள்ள வைத்துவிடும். உடனே பக்கத்தில் யாராவது "தோரியம் இருக்குல்ல, அதான் சுடுது" என்பார்கள். இப்போது அதே பேச்சு ஆற்று மணலுக்கும் வந்துவிட்டது, டீக்கடையில் நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள்.

தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் மணலில் இருப்பது உண்மைதான். மலைப்பாறை சிதைந்து ஆற்றோடு வரும்போது தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமத்தின் மணிகளும் சேர்ந்து வருகின்றன. சாதாரண மணலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் என்பதால், லேசான மணலை அலை வாரிக்கொண்டு போக, இது கரையிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் காலைச் சுடுகிற அந்தக் கறுப்பு மோனசைட்டே இல்லை, டைட்டானியம் எடுக்கிற இல்மனைட். மோனசைட் தேன் நிறத்தில் இருக்கும். இல்மனைட் கறுப்பாக இருப்பதால் வெயிலை உறிஞ்சிக்கொள்கிறது, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பது மாதிரிதான்.

சரி, தோரியம் வெப்பமே தராதா? தரும், எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுத்தமான மோனசைட் ஒரு டன் குவித்தால் வருவது சுமார் 2 மில்லிவாட். ஒரு 9 வாட் எல்இடி பல்புக்கே சுமார் 4,500 டன் வேண்டும். சாதாரண ஆற்றுப் படிவு என்றால் இன்னும் மோசம்: ஒரு கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழத்துக்கு அள்ளினாலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து தருவது 1 வாட் அளவுக்குத்தான் இருக்கும். உச்சி வெயிலோ ஒரு சதுர மீட்டருக்கே சுமார் 1,000 வாட் கொட்டுகிறது.

சந்தேகம் இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் அதே மணலில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். தோரியம் ராத்திரியில் தூங்கப் போவதில்லையே!

அப்புறம், இந்த வெப்பத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. காவிரிப் படுகை மாதிரி கிலோமீட்டர் கணக்கில் வண்டல் படிந்த இடத்தில், கோடிக்கணக்கான வருஷம் ஓடும்போது, அடியில் எண்ணெய் உருவாகும் சூட்டைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். 2011ல் ஜப்பானின் காம்லேண்ட் ஆய்வகம் பூமிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை எண்ணி, பூமி வெளிவிடும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கதிரியக்கத்தால் வருவது என்று சொன்னது. ஆனால் அது மொத்த பூமிக்கும் உரிய கணக்கு, நம் உள்ளங்காலுக்கு அல்ல.

எங்கள் கரையில் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம்தான். அதை நான் மறுக்கவில்லை, அதைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள். எழுதும்போது மணல் சுடுவதைச் சாட்சிக்கு இழுக்காமல், மீட்டர் வைத்து எந்த இடத்தில் எவ்வளவு மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வந்தது என்று அளவோடு போடுங்கள்.

— ஒரு வாசகர், குளச்சல்