பால்கனிக் கதவு

நாகப்பட்டினம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். காரைக்கால் ரயிலில் இரண்டு பேருக்கும் கீழ் பெர்த் கிடைத்தது. வீட்டில் எலி ஒன்று குடியேறியிருந்தது, மற்றபடி எல்லாம் வைத்தது வைத்தபடி.

நார்வே கப்பல் பயணம் முடிந்து சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் பெட்டியை டிக்கியில் ஏற்றும்போதே, "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்தது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் நின்றாள், அவள் எதிரில் சொல்கிற விஷயமில்லை. அப்புறம் இரண்டு நாளும் உனக்கு நைட் டூட்டி. எங்களோடு நீயும் வருவதாகத்தான் மூன்று டிக்கெட் எடுத்தாய். கடைசி நேரத்தில் உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் லீவைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் உனக்கு வேறு கால் வந்துவிடும்.

முதல் கலாட்டா ஏறும்போதே. அம்மா ஒரு சின்ன ரைஸ் குக்கரைப் புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்தாளே, அது ஸ்கேனரில் மாட்டிக்கொண்டது. சூடாகிற சாமான் எதுவும் கப்பல் அறைக்குள் கூடாதாம். ஊதுவத்திக் கட்டும் போயிற்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரசீது கொடுத்தார்கள். ஏழு நாளும் அந்த ரசீதைத் தாலிச் சரடு மாதிரி காப்பாற்றினாள்.

பால்கனி உள்ள அறைதான் வேண்டும் என்று நீ கூடுதலாகப் பணம் கட்டியிருந்தாய். உள்ளே நுழைந்ததும் அம்மா செய்த முதல் வேலை, அந்தப் பால்கனிக் கதவின் திரையை இழுத்து மூடியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வட கடலில் ஓடியது கப்பல். திரையை ஒரு விரற்கடை கூட விலக்க விடவில்லை. நான் மேல் தளத்துக்குப் போய் மூவாயிரம் பேரோடு நின்று கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிற பையன் ஒருவன் தூத்துக்குடிக்காரன். ஒன்பது மாத ஒப்பந்தமாம், ஊருக்குப் போய் ஆறு மாதம் ஆகிறதாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து ஒரு கிண்ணத்தில் தயிர்சாதமும், எங்கிருந்து கொண்டுவந்தானோ, இரண்டு துண்டு எலுமிச்சை ஊறுகாயும் வைத்தான். "நீ சாப்பிட்டியாப்பா?" என்று அவனைத் தினமும் கேட்டாள். அவனும் தினமும் "ஆச்சும்மா" என்றான். பொய்தான். அந்த நேரத்தில் அவன் எங்கே சாப்பிட்டிருக்க முடியும்?

திங்கட்கிழமை ஸ்டவாங்கர். வெள்ளை பெயின்ட் அடித்த பழைய மரவீடுகள், சன்னலெல்லாம் பூத்தொட்டி. மத்தி மீனை டப்பாவில் அடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஊர், 1969இல் வட கடலில் எண்ணெய் கிடைத்ததும் ஆளே மாறிவிட்டது. நரிமணத்து எண்ணெய்க் கிணறுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த ஊர்ச் சாலைகளைப் பார்க்கக் கொஞ்சம் வயிற்றெரிச்சல். அதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

அன்றிரவு ஒரு வேடிக்கை. "விளக்கு வைக்கிற நேரம் வந்துடுச்சா?" என்று அம்மா கேட்டாள். மணி ஒன்பது. வெயில் அடித்தது. பத்துக்கும் வெளிச்சம். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் பதினொன்று மணி வாக்கில்தான் சூரியன் இறங்கும், அதற்குப் பிறகும் முழு இருட்டு வராது. முப்பத்திரண்டு வருஷம் பூமியின் சாய்வைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். "இன்னிக்கு வராது, படு" என்பதற்கு மேல் எனக்கு விளக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓல்டன். இரவோடு இரவாகக் கப்பல் ஃபியார்டுக்குள் நுழைந்துவிட்டது. அலை நின்றுபோனதை அம்மா தூக்கத்திலேயே உணர்ந்திருக்கிறாள். "கரைக்கு வந்துட்டமா?" என்று எழுந்தாள். கரைதான், ஆனால் இரண்டு பக்கமும். பனியாறு மலையை அரித்து ஆழமாகத் தோண்டிவிட்டு உருகிப்போக, அந்தப் பள்ளத்துக்குள் கடல் நுழைந்தால் அதுதான் ஃபியார்டு. வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி. அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் அன்று நாங்கள் ஒரு நாள் பூராவும் சுற்றினோம்.

பஸ்ஸில் பிரிக்ஸ்டால் பனியாற்றுக்குப் போனோம். கடைசித் தூரம் மேல்மூடி இல்லாத ஒரு குட்டி வண்டி. ஓரிடத்தில் அருவிச் சாரல் ஆளையே நனைத்துவிட்டது. மேலே ஓர் ஏரி. அதன் தண்ணீரைப் பார்த்து அம்மா, "அரிசி களைஞ்ச தண்ணியில பச்சைச் சாயம் கலந்த மாதிரி இருக்கு" என்றாள். சரியாகச் சொன்னாள். பனி நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவு தண்ணீரில் மிதந்து இந்த நிறம். தொண்ணூறுகளில் ஏரிக்குள் வரைக்கும் இறங்கி நின்ற பனியாறு, இப்போது மலைமேல் ஒரு நீலக் கந்தல் துணி மாதிரி தொங்குகிறது.

திரும்பும்போது பஸ்ஸில் வழிகாட்டிப் பெண் பக்கத்துப் பள்ளத்தாக்கான லோயனைப் பற்றிச் சொன்னாள். 1905இல் மலையின் ஒரு பகுதி பெயர்ந்து ஏரிக்குள் விழுந்தது. எழும்பிய அலையில் 61 பேர் போனார்கள். 1936இல் அதே மலை, அதே ஏரி, இன்னொரு அலை. இந்தத் தடவை 74 பேர். அலை என்ற சொல் இங்கிலீஷில் வந்ததும் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் அம்மாவுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியும் என்பது எனக்குத்தான் மறந்துபோயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, "முதல் தடவை ஆனப்புறம் எதுக்கு அங்கேயே வீடு கட்டினாங்க?" என்றாள்.

"நிலம் அங்கேதானே இருக்கு" என்றேன்.

"ம்" என்றாள். அவ்வளவுதான்.

2004 உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. நீ மூன்றாம் வகுப்பு. அரையாண்டு லீவு. நான் தஞ்சாவூரில் அத்தை வீட்டில் இருந்தேன், நீயும் அம்மாவும் கடற்கரைப் பக்கம் சித்தி வீட்டில். தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் அம்மா உன்னை இழுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். முந்தானையால் உன் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு சேர்த்து முடிந்திருக்கிறாள். நான் கிடைத்த வண்டியெல்லாம் மாறி ஊர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தண்ணீர் எப்போதோ வடிந்திருந்தது. அவள் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை, யாரையும் அவிழ்க்கவும் விடவில்லை. நான்தான் அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் எடுக்க முடிந்தது. வாயெல்லாம் உப்பு. சித்தி வீட்டில் எல்லோரும் தப்பித்தார்கள். எதிர் வரிசையில் அப்படி இல்லை.

உன்னைத் தரங்கம்பாடி டூருக்கு அனுப்பாததும், நீச்சல் வகுப்பில் சேர்க்காததும், "இந்த அம்மா ஏன் இப்படி?" என்று நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுததும் அதற்குப் பிறகுதான். அவளும் அன்றிலிருந்து கடற்கரைப் பக்கம் போனதில்லை. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வீட்டை வைத்துக்கொண்டு இருபது வருஷம் கடலைப் பார்க்காமல் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

புதன்கிழமை விடிகாலை. விடிகாலை என்று பழக்கத்தில் எழுதுகிறேன், வெளிச்சம் போனால்தானே விடிவதற்கு. குளிர்காற்று முகத்தில் அடித்து விழித்தேன். திரை விலகியிருந்தது. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அம்மா வெளியே நின்றாள். நூல் புடவை, அதன்மேல் உன் பழைய ஓவர்கோட்டு, தலையில் என் மங்கி குல்லாய். கையால் கம்பியைப் பிடிக்காமல், கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாள்.

தண்ணீரில் ஒரு சுருக்கம் கிடையாது. மலை தலைகீழாக அதில் தெரிந்தது. "சத்தமே போடலையே இது" என்றாள்.

கெய்ராங்கர் ஃபியார்டு மொத்தமே 15 கிலோமீட்டர்தான். கப்பல் மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. இடது பக்கம் ஏழு சகோதரிகள் அருவி, பனி உருகும் மாதமாகையால் ஏழும் கொட்டின. எதிர்க்கரையில் தனியாக ஓர் அருவி, அவன்தான் மாப்பிள்ளை. ஏழு பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட, குடிக்கப் போய்விட்டானாம், அருவியின் நடுவில் பாட்டில் வடிவம் தெரியும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மா தெரிகிறது என்றாள்.

அப்புறம் ஸ்காகெஃப்லோ. தண்ணீரிலிருந்து 250 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் புல் முளைத்த ஒரு துண்டு நிலம், அதில் இரண்டு மூன்று மரவீடு. ஆடு வளர்த்துப் பிழைத்த பண்ணை. 1916இல் விட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். 1993இல் நார்வே ராஜாவும் ராணியும் தங்கள் கல்யாண வெள்ளிவிழாவை அங்கே ஏறிப்போய்க் கொண்டாடியிருக்கிறார்கள். வரி கேட்டு ஆள் வந்தால் மேலேயிருந்து ஏணியை இழுத்துக்கொள்வார்களாம். இந்த மாதிரிப் பாறைப் பண்ணைகளில் விளையாடுகிற குழந்தை விளிம்பைத் தாண்டிவிடாமல் இருக்க, இடுப்பில் கயிறு கட்டித்தான் வெளியே விடுவார்களாம். இதையும் ஒலிபெருக்கியில்தான் சொன்னார்கள்.

அம்மா என்னிடம் திரும்பி, "எந்த வயசு வரைக்கும் கட்டி வச்சிருந்தாங்களாம்?" என்றாள்.

அறிவிப்பில் அது இல்லை. நான் பதில் சொல்லவில்லை. அந்த வீடுகள் மறைகிற வரைக்கும் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாப்பா, நீ லண்டன் விமானம் ஏறிய அன்றைக்கு அவள் அழவில்லை என்று உனக்கு ஒரு குறை உண்டு. அன்று அவள் எதை அவிழ்த்தாள் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குள் இறங்கி, கழுகுச் சாலையில் பஸ் ஏறினோம். 11 கொண்டை ஊசி வளைவுகள் என்று டிரைவர் பெருமையாகச் சொன்னார். கொல்லிமலையில் 70 ஏறியவர்கள் நாங்கள். பேசாமல் இருந்தேன். உச்சியிலிருந்து கீழே பார்த்தால் நம் கப்பல் பிள்ளைகள் விட்ட காகிதக் கப்பல். மூச்சு வாங்க ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது, இனி மறைத்துப் பயனில்லை என்று விஷயத்தைச் சொல்லிவிட்டேன். காலையில் வந்த வழியில் ஓகர்னேசெட் என்றொரு மலை இருக்கிறது. அதில் ஒரு பிளவு, வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அகலமாகிக்கொண்டே போகிறது. அது விழுந்தால் லோயன் கதைதான், சில நிமிஷத்தில் அலை இந்த ஊருக்கு வந்துவிடும். அதனால் மலை முழுக்கக் கருவிகளைப் பதித்து ராத்திரி பகலாகக் கவனிக்கிறார்கள். அசைவு கூடினால் ஊரைக் காலி செய்ய ஏற்பாடு இருக்கிறது.

"எத்தனை பேர் இருக்காங்க இந்த ஊர்ல?"

"இருநூற்றுச் சொச்சம்."

"மலையைப் பாத்துக்கிட்டே இருக்காங்கல்ல?"

"இருக்காங்க."

"அப்ப சரி" என்று சொல்லி, பையிலிருந்து முறுக்கை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தாள்.

வியாழக்கிழமை பெர்கனில் மழை. அங்கே எப்போதும் மழைதானாம். மீன் சந்தையில் அம்மா ஒரு சால்மனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கைநீட்ட, கடைக்காரர் பதறிவிட்டார். பார்க்காமல் எப்படி மீன் வாங்குவது என்று அவளுக்குக் கோபம். துறைமுகத்தை ஒட்டிப் பிரிக்கன் என்று பழைய மரக்கட்டடங்கள், ஜெர்மன் வியாபாரிகள் வடக்கிலிருந்து வந்த கருவாட்டை வாங்கி விற்ற இடம். நெருப்புக்குப் பயந்து அந்தக் கட்டடங்களுக்குள் அடுப்போ விளக்கோ ஏற்றக்கூடாது என்று சட்டமாம். அப்படியும் 1702இல் எரிந்து, மறுபடி கட்டியதுதான் இப்போது நிற்கிறது. "கப்பல்காரன் இவங்க வம்சமாத்தான் இருக்கணும்" என்றாள் அம்மா.

திரும்புகிற வெள்ளிக்கிழமை வட கடல் நன்றாகவே ஆட்டியது. திரை திறந்தே இருந்தது.

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்கிறாய். புரோக்கர் ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டும் போனார். விலை மோசமில்லை. அம்மாவிடம் கேட்டேன். "நிலம் இங்கேதானே இருக்கு" என்றாள், என் வாக்கியத்தை எனக்கே திருப்பி. குளிர்காலம் போக மூன்று மாதம் உன்னிடம் வந்து இருக்கிறோம், மற்றபடி இங்கேதான். புரோக்கரிடம் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும்.

போன ஞாயிறு சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளைக் கலங்கரை விளக்கம் வரைக்கும் கூட்டிப்போனேன். அவள்தான் கேட்டாள். மணலில் இறங்கவில்லை. சுண்டல்காரர் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நின்றாள். "இது ரொம்பக் கத்துது" என்றாள். வந்துவிட்டோம்.

ரைஸ் குக்கர் உன் சமையலறையில் மேல் அலமாரியில், மைதா டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. ரசீதைக் கொடுத்து மீட்டு, அம்மா வேண்டுமென்றேதான் அங்கே வைத்துவிட்டு வந்தாள். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரைத் தண்ணீர். நைட் டூட்டி முடிந்து வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே.

அன்புடன்,
அப்பா