நிக்கோசியாவிலிருந்து கௌரிக்கு

அன்புள்ள கௌரி,

உன் கடிதங்களுக்கு இத்தனை நாளும் பதில் போடாததற்கு என்னைத் திட்டிவிட்டு மேலே படி. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேலை ஓடுகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பியூக் ஹானைப் பார்த்துவிட்டேன்! லெட்ரா தெருவில், இந்த சைப்ரஸ் தலைநகரைத் தெற்கே கிரேக்கர் பகுதி, வடக்கே துருக்கியர் பகுதி என்று பிரிக்கும் கோட்டருகே பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வடக்கே சிறிது தூரம் நடந்தால் போதும். ஒட்டோமான் துருக்கியர் சைப்ரஸைப் பிடித்த கையோடு, 1572-ல் அவர்களுடைய ஆளுநர் முசாஃபர் பாஷா கட்டிய வணிகர் சத்திரம். நடுவில் முற்றம், சுற்றிலும் இரண்டு அடுக்கு வளைவுத் தாழ்வாரம், 68 அறைகள். கீழே சரக்கும் வியாபாரமும், மேலே தங்கல். முற்றத்தின் நடுவே கல்தூண்களின் மேல் ஒரு குட்டித் தொழுகைக்கூடம் நிற்கிறது. தொழுமுன் கைகால் கழுவ அதன் அடியிலேயே தண்ணீர்.

1878-ல் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் இதைச் சிறைச்சாலையாக்கிவிட்டார்கள். அதை அறிந்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தடித்த சுவர், முற்றத்தைப் பார்த்த கதவுகள், இரவில் அடைக்கும் வாசல். கள்ளரிடமிருந்து வணிகனைக் காத்த ஏற்பாடே கைதியைப் பூட்டிவைக்கவும் பொருந்திவிட்டது, கௌரி. மேல் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கத்து அறைக்கதவுகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகின்றன. காவலனுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு ஏழைகள் குடியிருந்தார்கள். 1990களில் பழுதுபார்த்தார்கள். இப்போது ஓவியக்கூடம், கைவினைப் பட்டறை, காப்பிக்கடை. பழைய கட்டடத்தில் கடை வைத்தால் அதன் உயிர் போய்விடும் என்று நீயும் ராகவனும் மொட்டைமாடியில் நின்று முழங்குவீர்களே, அதை நான் ஏற்கவே மாட்டேன். ஒரு அறையில் ஓர் அம்மாள் பட்டுக்கூட்டை இதழ் இதழாக வெட்டி, கறுப்புத் துணியில் பூவாக ஒட்டிக்கொண்டிருந்தார். வியாபாரத்துக்கென்றே கட்டிய இடத்தில் வியாபாரம் நடப்பதில் என்ன குற்றம்? ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் கூரை ஒழுகுவதைக்கூட யாரும் கவனிக்க மாட்டார்கள்.

என் குறை வேறு. அங்கே விளக்கிச் சொன்னவர் பாஷாவைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். சிறைக்காலத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டார். எனக்குக் கோபமே வந்தது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கும் அந்தச் சுவரில் பங்கு உண்டு. எந்த அறையில் காப்பி குடிக்கிறோம் என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டுமே!

இதை ராகவனிடமும் காட்டு. மறுப்பு இருந்தால் இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். இந்த முறையும் அவன் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

அன்புடன்,
வசந்தா