இடித்த மைதானத்துக்குப் பெயர் மாற்றமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில், "இன்று ராம்ஸ் பார்க் எனப் பெயர் மாறியுள்ள அலி சாமி யென் மைதானத்தில் 52,000 ரசிகர்கள் முன்னிலையில் மான்செஸ்டர் யுனைடெட் வெளியேறியது" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பெயர் மாறவில்லை ஐயா. அந்த மைதானத்தை 2011-இல் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

பழைய மைதானம் இருந்தது இஸ்தான்புல்லின் மெஜிதியேகோய் பகுதியில். 1964 டிசம்பர் 20 அன்று துருக்கி - பல்கேரியா ஆட்டத்தோடு திறந்தார்கள்; முதல் நாளே நெரிசலில் பலர் காயமடைந்தார்கள். ராம்ஸ் பார்க் இருப்பது அதற்கு வடக்கே செய்ரான்தெபேயில். அரசின் வீட்டுவசதி நிறுவனமான தோக்கி புதிய மைதானத்தைக் கட்டிக்கொடுத்தது. ஈடாக மெஜிதியேகோய் நிலம் கைமாறியது. புதிய வளாகத்துக்கும், இரண்டு மைதானங்களையும் சொந்த மைதானமாகக் கொண்ட கலதசராய் கால்பந்து கிளப்பை நிறுவிய அலி சாமி யென்னின் பெயரையே சூட்டினார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது, புரிகிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் இதைச் சரிபார்க்க ஒருவருக்குமா நேரமில்லை?

1993 நவம்பர் 3 அன்று யுனைடெட்டை 0-0 என நிறுத்தி, யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் எடுத்த 3-3-இன் வெளிமைதான கோல் கணக்கில் (மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்தவர் முன்னேறும் அன்றைய விதி) கலதசராய் முன்னேறியது மெஜிதியேகோயில். 1988-இல் சுவிட்சர்லாந்து அணியான நூஷாதெல் சமாக்ஸிடம் 0-3 என்று தோற்றுவந்து 5-0 என்று திருப்பியடித்ததும் அங்கேதான். 2001-இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 0-2-இலிருந்து 3-2 ஆனதும் அங்கேதான். கடைசிக் காலத்தில் அங்கே இருக்கைகள் ஏறத்தாழ 24,000 மட்டுமே. எதிரணியை மிரட்டியது கூட்டத்தின் எண்ணிக்கை அல்ல, நெருக்கம். சுற்றிலும் குடியிருப்புகள், பக்கத்திலேயே நெடுஞ்சாலை மேம்பாலம், ஆடுகளத்தை ஒட்டியே பார்வையாளர் மாடங்கள். 2003-04 பருவத்தில் இதே அணி 75,000-க்கும் மேல் கொள்ளும் அதாதுர்க் ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனது. அங்கே ரசிகருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓடுதளம். லீக்கில் அந்த ஆண்டு கிடைத்தது 6-ஆம் இடம்.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். முன்பொரு முறை இன்னொரு இஸ்தான்புல் கிளப்பான பெஷிக்தாஷின் இனோனு மைதானத்தையும் இதையும் ஒன்றாக்கினீர்கள். இனோனுவை 2013-இல் இடித்து, அதே இடத்தில் புதிதாகக் கட்டி, 2016-இல் திறந்தார்கள். அதற்கு "அதே இடம்" என்று சொல்லலாம், இதற்குச் சொல்ல முடியாது. 2000-இல் கலதசராயுடனான ஆட்டத்துக்கு வந்த இங்கிலாந்தின் லீட்ஸ் அணி ரசிகர்கள் இருவர் கொல்லப்பட்டது "மைதானத்துக்குள்" என்றும் ஒருமுறை வந்தது. அது ஆட்டத்துக்கு முந்தைய இரவு தக்சிம் பகுதியில் நடந்தது. இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஐயா, அதிலாவது கவனம் வேண்டாமா?

மெஜிதியேகோய் மண்ணில் இப்போது அடுக்குமாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றைக் கட்டும்போது, 2014 செப்டம்பர் 6 அன்று 32-ஆம் மாடியிலிருந்து பணியாளர் லிஃப்ட் அறுந்து விழுந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடத்தின் வரலாறு அதையும் சேர்த்ததுதான். "பெயர் மாறியுள்ளது" என்ற இரண்டு சொல்லில் எல்லாமே அழிந்துபோகிறது.

சரிபார்ப்பது கடினமே இல்லை. பழைய மைதானத்தின் கடைசி ஆட்டம் 2011 ஜனவரி 11, பெய்பசாரி ஷெக்கர்ஸ்போருடன், 3-1. புதியதில் முதல் ஆட்டம் ஜனவரி 15, அயாக்ஸுடன், 0-0. கலதசராயின் சொந்த மைதான ஆட்டம் எதுவானாலும் முதலில் தேதியைப் பாருங்கள். ஜனவரி 15-க்கு முந்தையது என்றால் அது செய்ரான்தெபே அல்ல. படத்திலும் தெரிந்துவிடும்: நான்கு பக்கமும் கூரை சுற்றி வந்தால் அது புதியது. பழையதில் கோல்கம்பங்களுக்குப் பின்னிருந்த மாடங்களுக்குத் துருக்கியர் வைத்த பெயரே "திறந்தது" என்று பொருள்படுவது.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், இரண்டு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையோடு போட்ட ராம்ஸ் பார்க் படத்துக்குக் கீழே "1993" என்று இருப்பதையும் இணையப் பதிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்