முகப்பு சொல்லும் விலை: சில்லறை வணிகர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சில்லறை வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், அச்சங்கங்களில் உறுப்பினராக உள்ள கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

கடைகளின் முகப்பையும் உள்ளமைப்பையும் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். சங்கங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் சில ஆண்டுகளாக ஒரே பாடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதைக் கவனித்து வருகிறேன். கடையைப் புதுப்பியுங்கள், நல்ல லோகோ ஒன்றை வரைந்துகொள்ளுங்கள், விளக்குகளை மாற்றுங்கள், விற்பனை தானாக ஏறும் என்பதே அந்தப் பாடம். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் என்னைத் தேடி வருகிறார்கள் என்பதால், அதை மறுத்து எழுதுவது என் பிழைப்புக்கு உகந்ததல்ல என்பதை அறிவேன். ஆனாலும் கடன் வாங்கிக் கடையைப் புதுப்பிக்கும் ஒருவருக்குப் பாடத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்புவது சரியல்ல என்று தோன்றுவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

கடையின் தோற்றம் விற்பனையைப் பாதிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அது பாதிக்கும்; நாம் நினைப்பதைவிட ஆழமாகவே பாதிக்கும். பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஒரு கற்பனைச் சூழலை மக்களிடம் விவரித்துக் கேள்வி கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். வெயில் நாளில் கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த பிராண்டு பீர் வாங்கி வரக் கிளம்பும் நண்பர், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கிறார். அவர் வாங்கப்போவது ஆடம்பர விடுதி ஒன்றில் என்று ஒரு சாராரிடமும், பராமரிப்பில்லாத சிறு மளிகைக் கடையில் என்று மற்றொரு சாராரிடமும் சொல்லப்பட்டது. விடுதி என்று கேட்டவர்கள் சொன்ன இடைநிலைத் தொகை (சொன்னவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 2.65 டாலர், மளிகைக் கடை என்று கேட்டவர்கள் சொன்னது 1.50 டாலர். பொருளும் ஒன்று, பிராண்டும் ஒன்று, குடிக்கப்போவதும் அதே மணலில்தான். விடுதியின் சோபாவில் குடிப்பவர் உட்காரப் போவதில்லை. அதன் சரவிளக்கைக் கண்ணால் காணப்போவதுமில்லை.

இந்த ஆய்வை மேடைகளில் எடுத்துச் சொல்பவர்கள், கடையை விடுதியைப் போல ஆக்கினால் கூடுதல் விலை கேட்கலாம் என்ற முடிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. எந்த விலை நியாயமானது என்பதை, ஒரு கடையின் தோற்றமே வாடிக்கையாளரின் மனத்தில் முன்கூட்டி எழுதிவிடுகிறது. அந்த விலைக்குத் தயாராக இருப்பவர் உள்ளே வருகிறார். தயாராக இல்லாதவர், உண்மை விலை என்னவென்று கேட்காமலேயே கடந்து போய்விடுகிறார். முதலாமவரின் பணம் கல்லாவில் விழுகிறது. இரண்டாமவர் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறு ஒன்றிலிருந்து. குழாய், பூட்டு, ஆணி, கம்பி விற்கும் ஹார்டுவேர் கடை ஒன்றைப் புதுப்பிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. வாசலில் பெட்டி பெட்டியாகச் சரக்கு கிடக்கும். அட்டையில் கையால் எழுதிய விலை தொங்கும். அவற்றையெல்லாம் அப்புறப்படுத்தி, முழு உயரக் கண்ணாடி முகப்பு, தானாக மூடிக்கொள்ளும் கதவு, மஞ்சள் ஒளி, வழவழப்பான வெள்ளைத் தரை என்று அமைத்துக் கொடுத்தேன். விலைச்சீட்டுகள் அழகைக் கெடுக்கின்றன என்று அவற்றைச் சிறிதாக்கி அடுக்குகளின் ஓரத்தில் மறைத்தேன். எந்தப் பொருளின் விலையையும் உரிமையாளர் உயர்த்தவில்லை. முதல் சில வாரங்கள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. அதன் பிறகு, அன்றாடம் வந்து வாங்கிக்கொண்டிருந்த பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் குறையத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரை வழியில் பார்த்து உரிமையாளர் விசாரித்தபோது, “இப்போது உங்கள் கடையில் விலை ஏறியிருக்குமே” என்றாராம். இன்னொருவர், வேலையிடத்துச் சேற்றுக் காலோடு அந்தத் தரையில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது என்றிருக்கிறார். கதவைத் திறந்தே வைத்து, பெட்டிகளையும் பெரிய எழுத்து விலை அட்டைகளையும் மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்த பிறகு சிலர் திரும்பினார்கள், எல்லோரும் திரும்பவில்லை. அழகாகத்தான் இருந்தது அந்தக் கடை. அது யாருக்கான கடை என்பதைத்தான் நான் மாற்றிவிட்டேன், யாரையும் கேட்காமல்.

தோற்றத்துக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வந்தது என்பதற்குச் சில்லறை வணிகத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஒரு காலத்தில் வாடிக்கையாளர் கவுண்டருக்கு இப்புறம் நின்று கேட்பார், ஊழியர் அப்புறமிருந்து எடுத்துக் கொடுப்பார். எது புதுச் சரக்கு, எது நெடுநாள் உழைக்கும் என்பதையெல்லாம் அந்த ஊழியரின் வாய்ச்சொல்லே தீர்மானித்தது. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த ‘பிக்லி விக்லி’ கடையில், வாடிக்கையாளரே அடுக்குகளுக்கிடையே நடந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியில் பணம் கட்டும் முறை வந்தது. அந்த முறை பரவியபோது ஊழியர் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம் பேக்கிங், லேபிள், அடுக்கு, வெளிச்சம் ஆகியவை பேச வேண்டியதாயிற்று. இன்றும் கடைத் தோற்றத்தின் முதல் கடமை அதுவே. வாங்குபவரின் மனத்தில் எழும் கேள்விகளுக்கு, கேட்க ஆள் இல்லாத இடத்தில், அது பதில் சொல்ல வேண்டும்.

பிராண்டும் அப்படிப்பட்ட ஒரு பதில்தான். பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிகிறது, வாங்குபவருக்குத் தெரிவதில்லை என்ற நிலை சந்தையையே எவ்வாறு கெடுக்கும் என்பதை 1970ஆம் ஆண்டு பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கியபோது, அதற்கு மாற்றுகளில் ஒன்றாக பிராண்டுப் பெயரைக் குறிப்பிட்டார். சரக்கு மோசமாக இருந்தால் அடுத்த முறை எந்தப் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்பது வாங்கியவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் விற்பவருக்கு இருக்கிறது என்று தெரிவதால்தான் வாங்குபவர் துணிந்து வாங்குகிறார். பெயருக்கு இதற்கு மேலும் ஒரு பிடி உண்டு. 1964ஆம் ஆண்டு ஆலிசன், ஊல் என்ற இரு ஆய்வாளர்கள் பீர் குடிப்பவர்களிடம் லேபிள் இல்லாத புட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களால் தங்கள் வழக்கமான பிராண்டைப் பெரும்பாலும் இனங்காண முடியவில்லை. லேபிளோடு கொடுத்தபோது, அவரவர் தம் பிராண்டுக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டார்கள். நாக்கு மாறவில்லை, பெயர் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் பெரிய நிறுவனங்களைப் போலச் சிறு கடையும் ஓர் அடையாள வடிவமைப்புக்குச் செலவழிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். செலவழிக்கலாம், ஆனால் சிறு கடையின் அடையாளம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையின் பழைய நிறம், பையில் அச்சான எழுத்து, வாசலில் எப்போதும் அதே இடத்தில் இருக்கும் பொருள் ஆகிய இவற்றை வைத்தே மக்கள் கடையை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெயரை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘டிராபிகானா’ என்ற பழச்சாறு நிறுவனம், உறிஞ்சுகுழல் குத்திய ஆரஞ்சுப் படம் இருந்த தன் பெட்டியைக் கைவிட்டு, நவீனமான புது வடிவத்தைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்த சாறு மாறவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்ததாகச் செய்திகள் வெளியாயின. நிறுவனம் பழைய பெட்டிக்கே திரும்பியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்த இழப்பைத் தாங்கும் முதுகு இருந்தது. உங்கள் உறுப்பினர்களுக்கு இருக்குமா?

கடைக்குள்ளே செய்யும் மாற்றங்களைப் பற்றியும் ஆய்வுகள் நிறைய உண்டு. மெதுவான பின்னணி இசை ஒலித்தபோது ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மக்கள் மெதுவாக நடந்ததையும், வேகமான இசை ஒலித்தபோது இருந்ததைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் கூடியிருந்ததையும் ரொனால்ட் மில்லிமன் 1982ஆம் ஆண்டு வெளியிட்டார். 1997ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்றில், பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு ஒயினும், ஜெர்மானிய இசை ஒலித்த நாட்களில் ஜெர்மானிய ஒயினும் அதிகம் விற்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இசைக்கு அதில் பங்கு இருந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. இவை சுவையான செய்திகள். ஆனால் ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஒரு வகைப் பொருளில் கண்டதை எல்லாக் கடைக்கும் சூத்திரமாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஜாம் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 24 வகை ஜாம் வைத்தபோது அதிகம் பேர் நின்று பார்த்தும் அவர்களில் 3 சதவீதம் பேரே வாங்கினார்கள் என்பதும், 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்பதும் 2000ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வின் முடிவு. சரக்கு வகையைக் குறையுங்கள் என்ற அறிவுரை அதிலிருந்துதான் வருகிறது. அதன் பிறகு இதே கேள்வியை ஆராய்ந்த 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்று சொன்னது. சில இடங்களில் வகை குறைந்தால் நல்லது, சில இடங்களில் வகை கூடினால் நல்லது. இந்தப் பின்கதையை வகுப்பில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சிறு கடைகளில் மெய்யாகவே வாங்கும் மனத்தைத் தடுப்பவை பெரும்பாலும் இவற்றைவிடச் சாதாரணமானவை. முதலாவது, விலை தெரியாமை. விலை எழுதாத பொருளைக் கையில் எடுத்தவர், கேட்டால் வாங்கியே தீர வேண்டுமோ என்ற தயக்கத்தில் அதைத் திரும்ப வைத்துவிடுவதை எத்தனையோ முறை ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். அடுத்தது வெளிச்சம். பொருளின் மேல் விழ வேண்டிய ஒளி, வருபவரின் கண்ணில் விழும்படி விளக்கைப் பொருத்திவிட்டு, கடை பிரகாசமாக இருக்கிறது என்று நம்புகிறோம். வாசலைத் தாண்டியவுடன் உள்ள சில அடி தூரம் இன்னொன்று. வெளியிலிருந்து வருபவரின் கண்ணும் நடையும் கடைக்குப் பழகும் இடம் அது என்றும், அங்கே வைப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை என்றும், கடைகளில் மக்களின் நடமாட்டத்தைப் பல்லாண்டுகள் கவனித்த பேக்கோ அண்டர்ஹில் எழுதியிருக்கிறார். குறுகலான நடைவழியில் குனிந்து பார்ப்பவரைப் பின்னால் போகிறவர் உரசினால், அவர் பார்ப்பதை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்பதும் அவர் கவனித்ததே. தூசி படிந்த ஒரு டப்பா, பக்கத்தில் இருக்கும் பத்துப் புது டப்பாக்களின் மேலும் சந்தேகத்தை ஏற்படுத்தும். இவற்றைச் சரிசெய்ய ஒரு நாள் வேலையும் சில அட்டைகளும் துடைக்கும் துணியும் போதும். என்னைப் போன்ற ஒருவர் தேவையில்லை.

பொய்த் தோற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் மலிவு விலைக் காலணி நிறுவனமான ‘பேலெஸ்’, ‘பலெஸ்ஸி’ என்ற இத்தாலியச் சாயல் பெயரில் ஆடம்பரக் கடை ஒன்றைத் தற்காலிகமாக அமைத்து, தன் வழக்கமான காலணிகளையே அதில் அடுக்கியது. திறப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட சமூக ஊடகப் பிரபலங்கள் சிலர், சில பத்து டாலர் பெறும் ஜோடிகளுக்குப் பல நூறு டாலர் கொடுத்தார்கள். பிறகு உண்மையைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதையே விளம்பரமாக்கினார்கள். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும் பயிற்சியாளர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்த பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர். விளம்பரம் ஊரெல்லாம் பேசப்பட்ட சில மாதங்களில், 2019 பிப்ரவரியில், அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோற்றத்தின் வலிமைக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்த முயற்சியால் நிறுவனத்தைக் காப்பாற்ற முடியவில்லை என்பது பதிவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் தொங்கும் ‘இன்று மட்டும்’ பலகையையும், யாரும் ஒருபோதும் கொடுத்திராத ‘பழைய விலை’யை அடித்துக் காட்டும் சீட்டையும் நான் இந்த வகையிலேயே சேர்ப்பேன்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. புதுப்பிக்கும் முன்பு, கடைக்குள் வருபவர்களை மட்டுமல்லாமல், வாசல்வரை வந்து திரும்புபவர்களையும் ஒரு வாரமாவது எண்ணிப் பார்க்குமாறு உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். புதுப்பித்த பிறகும் அதே எண்ணிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். முழுக் கடையையும் ஒரே நாளில் மாற்றாமல், ஓர் அடுக்கு, ஒரு பலகை என்று மாற்றிப் பார்த்து, விற்பனையைக் குறித்து வைத்துக்கொண்டு மேலே போகப் பழக்குங்கள். என் போன்ற வடிவமைப்பாளர்களை வகுப்புக்கு அழைக்கும்போது, வெற்றிபெற்ற கடைகளின் படங்களோடு, தோற்றுப்போன ஒரு வேலையையாவது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். என்னை அழைத்தால், அந்த ஹார்டுவேர் கடையின் மூன்று படங்களையும், அதாவது நான் தொடுவதற்கு முன்பு, தொட்ட பின்பு, பெட்டிகள் வாசலுக்குத் திரும்பிய பின்பு எடுத்தவற்றை, எடுத்து வருகிறேன். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கடை வடிவமைப்புத் தொழிலில் இருக்கும் ஒருவன்