ஜிம்கானாவுக்கு இன்னும் நாலு வரி கொடுங்கள்

ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் இங்கிலாந்துச் சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்கும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஒரு சிறுமி விடியற்காலையில் எழுந்து, தன் மட்டக்குதிரையின் பிடரி மயிரைப் பின்னிவிட்டு, ஜிம்கானாவுக்குக் கிளம்புகிறாள். கையிலிருந்த அகராதியில் பார்த்தால் 'உடற்பயிற்சிக் கூடம்', அவ்வளவுதான். கதைக்கு அது ஒட்டவே இல்லை.

அந்த ஊரில் ஜிம்கானா என்றால் குதிரை விளையாட்டுப் போட்டி, பெரும்பாலும் பிள்ளைகளுக்கானது. நட்டுவைத்த கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓட்டுவது, கரண்டியில் முட்டையை ஏந்தியபடி சவாரி செய்வது, இப்படி. 1929-இல் தொடங்கிய போனி கிளப் என்ற சிறுவர் குதிரையேற்றச் சங்கத்தில் இதற்கென்று 1957 முதல் பிரின்ஸ் பிலிப் கோப்பையே இருக்கிறது.

ஆனால் சொல் பிறந்தது நம் நாட்டில். இந்தியில் 'கேந்த்' என்றால் பந்து. 'கானா' என்றால் வீடு, இடம், கார்கானா, தவாகானா என்கிறோமே அதே கானா. வெள்ளைக்காரர்கள் ராக்கெட் மட்டையால் பந்தாடும் கூடத்தை இங்குள்ளவர்கள் 'கேந்த்கானா' என்றார்கள், அதன் முன்பாதி ஆங்கிலேயர் வாயில் 'ஜிம்னாஸ்டிக்' சாயலில் திரிந்து ஜிம்கானா ஆனது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். ஆங்கிலேயர் பேச்சில் கலந்த இந்தியச் சொற்களுக்காக 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, 1861-இல் வட இந்திய ஊரான ரூர்க்கியில் இந்தச் சொல் வழங்கியதைப் பதிவு செய்திருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகால் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அவர் கைபட்ட அகராதியில் இருக்கும் செய்தி தமிழ் அகராதியில் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்புறம், பொருள் நகர்ந்த வழியையும் பாருங்கள். முதலில் விளையாடும் இடம். பிறகு அங்கே நடக்கும் போட்டிக்கே அந்தப் பெயர். இந்தியாவில் அது கிளப்புகளின் பெயராக நின்றுவிட்டது (பம்பாயில் 1875, சென்னையில் 1884), கடல் கடந்துபோனது குதிரையேறிக்கொண்டது. இன்றைக்குக் கூம்புகளைச் சுற்றிக் கார் ஓட்டும் போட்டிக்கும் அதே பெயர்தான்.

அடுத்த பதிப்பில் மூன்று பொருளையும் தனித்தனியாகக் கொடுங்கள்: விளையாட்டு மன்றம், குதிரை விளையாட்டுப் போட்டி, கார் வளைவோட்டப் போட்டி. கூடவே கேந்த்கானாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இடம் போதாதென்றால் உடற்பயிற்சிக் கூடத்தை எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் அகராதியை தினமும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர்