முதல் மூன்று சீட்டு

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

நலம். சேலம் போய்ச் சேர்ந்த மறுநாளே நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கே காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது; ஆள் பற்றாக்குறையைத் தவிர வேறு குறையில்லை. மலையிறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இங்கே நாம் ஆடிய ஏழு சீட்டு ஸ்டட் என்ற போக்கர் ஆட்டத்தில் அந்த ஒரு கையையே நினைத்துப் புலம்பிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறாய். எடுத்த எடுப்பிலேயே மூன்றும் இஸ்பேட்டாக வந்தும் தோற்றேன் என்றால் இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டந்தானே என்ற உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

உன் சிக்கல் விடுதிக் காலத்திலிருந்து வருகிறது. அங்கே நாம் ஆடியது மூணு சீட்டு. மூன்றும் ஒரே கலராக, அதாவது ஒரே இனமாக, வந்துவிட்டால் துணிந்து பந்தயத்தை ஏற்றலாம். ஏழு சீட்டு ஸ்டட்டில், மறைவாக இரண்டும் திறந்தபடி ஒன்றுமாக வரும் அந்த மூன்று சீட்டுக்கு அப்புறம் இன்னும் நான்கு வர வேண்டும். ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு; கலர் என்றாலும் ஐந்து சீட்டு ஒரே இனமாக வேண்டும். (மூணு சீட்டில் ரன்னுக்கு, அதாவது அடுத்தடுத்த எண்களின் வரிசைக்கு, கீழே இருந்த கலர், இங்கே ரன்னுக்கு மேலே போய்விடுகிறது என்பதையும் நீ இரண்டு முறை மறந்தாய்.)

அன்று வராந்தாவில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். உன்னிடம் மறைவில் இஸ்பேட் ஒன்பதும் இரண்டும், திறப்பில் இஸ்பேட் ஐந்து. மற்ற ஆறு பேரின் முன்னால் என்னென்ன கிடந்தன என்று இப்போது சொல்ல முடியுமா? என் முன்னால் இஸ்பேட் ராஜா, உன் இடப்பக்கத்தில் இஸ்பேட் ஏழு, வாசலோரம் இருந்தவரிடம் இஸ்பேட் நான்கு. திறந்த சீட்டுகளில் அதுவே சிறியது என்பதால் அவர் விதிப்படி கட்டாயமாக நம் பந்தயக் காசான புளியங்கொட்டையில் ஒன்றை வைத்துத் தொடங்கினார்; உனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. நீ பார்க்காத சீட்டு 43. அந்த ஆறு பேரின் திறந்த சீட்டுகளில் ஓர் இஸ்பேட்கூட இல்லாதிருந்தால், மிச்சமுள்ள பத்தும் அந்த 43-க்குள் இருந்திருக்கும். வரப்போகும் நான்கில் குறைந்தது இரண்டு சீட்டு இஸ்பேட்டாக விழ 100-க்கு 23 தடவை வாய்ப்பு உண்டு. மூன்று வெளியே கிடந்ததால் அது 12-ஆகச் சுருங்கிவிட்டது. உன் கையில் ஏஸோ ராஜாவோ இருந்திருந்தால், கலர் சேராவிட்டாலும் பெரிய ஜோடி ஒன்று அமைய வழியிருந்திருக்கும். உன்னிடம் இருந்ததில் பெரியதே ஒன்பதுதான். நான் ஏற்றியபோது என் ராஜாவுக்குத் துணையாக இன்னொரு ராஜா மறைவில் இருக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருந்தது.

ஜோடி என்பது அவ்வளவு அபூர்வமில்லை. ஏறக்குறைய ஆறு கைக்கு ஒன்று ஜோடியோடு வரும். மூன்றும் ஒரே எண்ணாக வருவதுதான் 425-க்கு ஒன்று. அது வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, ஆடு. ஜோடியில் இரண்டு சீட்டுமே மறைவில் இருப்பது மேல். அதே எண்ணில் மூன்றாவது சீட்டு பின்னால் திறந்து விழுந்தாலும், ஒற்றைச் சீட்டைப் பார்த்து எவரும் மிரள மாட்டார்கள். இதில் நானும் யோக்கியனில்லை. அன்றைக்கே ஜாக்கி ஜோடியை வைத்துக்கொண்டு, ராணியைத் திறந்து வைத்து ஏற்றியவரின் பின்னாலேயே கடைசி வரை போனேன். கிளாவர் ஜாக்கி வேறொருவர் முன்னால் பட்டவர்த்தனமாகக் கிடந்தது தெரிந்தும் போனேன். 14 புளியங்கொட்டை போயிற்று. எதிரே பெரிய சீட்டுக்காரர் ஏற்றும்போது சின்ன ஜோடியோடு நிற்க வேண்டுமென்றால், நமக்கு வேண்டிய சீட்டுகள் வெளியே வந்திருக்கக் கூடாது, மூன்றாவது சீட்டாவது அவருடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

ரன்னுக்கும் இதே பார்வைதான். ஒன்பது, பத்து, ஜாக்கி நல்ல தொடக்கம். ஆனால் இரண்டு ராணியும் ஓர் எட்டும் மேசையில் தெரிந்தால் கைவிட்டுவிடு. மூன்று, நான்கு, ஐந்து என்பதை நான் தொடுவதே அரிது.

ரம்மியில் ஸ்கூட் விட்டு ஆட்டத்திலிருந்து விலகத் தயங்காத நீ, இங்கே மட்டும் ஏன் தயங்குகிறாய் என்பது எனக்குப் புரியவில்லை. நம் ஆட்டத்தில் ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயம் இரட்டிப்பாகிறது. மூன்றாவதில் விட்டால் நட்டம் ஆளுக்கொன்றாக முதலில் வைத்த அந்த ஒற்றைக் கொட்டை மட்டுமே. இன்னொன்று, விட்டவர்கள் தங்கள் திறந்த சீட்டைக் கவிழ்த்துவிடுவார்கள். ஆகவே அவற்றை முன்னதாகவே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் இடமிருந்து வலமாக, வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் என் மறைவுச் சீட்டையே தூக்கிப் பார்க்கிறேன். சுலோகம் சொல்கிறாரோ என்று பக்கத்து எஸ்டேட்காரர் கேட்டார்.

தை பிறந்ததும் வா. நீ தோற்ற 62 கொட்டைகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன. வரும்போது முதல் அக்ரகாரத்துப் பக்கம் எங்காவது புதுச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி வா. இங்கிருப்பதில் ஆட்டின் (ஹார்ட்) ராணியின் மூலை மடிந்துபோய், அது யார் கையில் மறைந்திருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்