கையெழுத்துப் போடுமுன் படிப்புச் செலவைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து, கடைசி ஒன்பது வருடம் வார்ட் சிஸ்டராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் இப்போதும் வீட்டுக்கு வந்துபோவார்கள். முன்பு கல்யாணக் கார்டோடு வந்தார்கள். 2022இல் நாடு நெருக்கடிக்குள் விழுந்த பிறகு வெளிநாட்டு வேலைக் கடதாசிகளோடு வருகிறார்கள்.

போன மாதம் ஒரு பிள்ளை நைட் டியூட்டி முடிந்த கையோடு, யூனிபோர்மைக்கூட மாற்றாமல், கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அமெரிக்காவில் தாதியாக வேலை செய்ய எழுத வேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சையை, சென்னைக்குப் போய் எழுதிப் பாஸானவள். அமெரிக்காவில் வேலை, இருபத்திரண்டு பக்க ஒப்பந்தம். அதில் சம்பளம் எழுதியிருந்த இடத்தை மட்டும் மஞ்சள் பேனாவால் அடித்து வைத்திருந்தாள். "அங்க போய் மாஸ்டர்ஸ் படிக்கப்போறன் சிஸ்டர். ஆஸ்பத்திரியே காசு கட்டுமாம்" என்றாள். அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: தகுதியுள்ள ஊழியருக்குக் கல்வி உதவி கிடைக்கலாம். கிடைக்கும் என்றுகூட இல்லை.

யாருடைய ஊழியர் என்று பார்க்க முதல் பக்கத்துக்குத் திரும்பினோம். வேலை கொடுப்பவர் என்ற இடத்தில் இருந்தது ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்சியின் பெயர். மூன்று வருடத்துக்கு அவள் ஏஜென்சியின் ஆள். வேலை செய்வது மட்டும்தான் வைத்தியசாலையில். வைத்தியசாலை தன்னுடைய சம்பளப் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுக்கிற படிப்புக் காசு, ஏஜென்சி மூலம் வருகிறவருக்குச் சேராமல் போகலாம். "இதை மட்டும் கேட்டு ஒரு மின்னஞ்சல் போடு புள்ள" என்றேன். நாலு நாளில் பதில் வந்தது. அந்த மூன்று வருடத்துக்குள் கல்வி உதவிக்குத் தகுதி இல்லை. அடுத்த முறை வந்தபோது பதினேழாம் பக்கத்து வரியையும் மஞ்சளால் அடித்திருந்தாள்.

தாதியரின் மேற்படிப்புக்குச் செலவழிக்கிற வைத்தியசாலைகள் அமெரிக்காவில் உண்மையாகவே நிறைய இருக்கின்றன. வேலை கொடுப்பவர் ஊழியரின் படிப்புக்கு ஆண்டுக்கு 5,250 டொலர் வரை கொடுத்தால், அதை வருமானமாகக் கணக்கெடுத்து வரி வாங்குவதில்லை என்பது அங்குள்ள சட்டம். அதனால் பல இடங்களில் உதவித்தொகையின் உச்ச அளவும் அந்த எண்ணை ஒட்டியே இருக்கும். பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றில், அதே பல்கலைக்கழகத்தில் படித்தால் கட்டணத்தில் பெரும்பகுதியையே தள்ளுபடி செய்துவிடுவார்கள். 'மேக்னெட்' என்று தாதியர் சேவைக்கு ஓர் அங்கீகாரம் இருக்கிறது. வார்டை நடத்தும் தாதியரிடம் தாதியியல் பட்டம் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே அந்த அங்கீகாரத்தைக் காப்பாற்ற நினைக்கும் வைத்தியசாலைக்குத் தன் தாதியர் படிப்பது தேவையாகிறது. எந்தெந்த வைத்தியசாலைகளுக்கு அது கிடைத்திருக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அதோடு விட்டுவிடக் கூடாது. காசை முன்கூட்டியே கல்லூரிக்குக் கட்டுவார்களா, அல்லது நாம் கட்டிப் பாஸான பிறகு பெறுபேற்றைக் காட்டித் திருப்பி வாங்க வேண்டுமா? கையில் ஒன்றுமில்லாமல் போய் இறங்குகிற நம் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றல்ல. முதல் தவணைக் கட்டணத்துக்கே கடன் வாங்க வேண்டிவரும். வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதத்தில் தகுதி வரும், பகுதிநேரமாக வேலை செய்தாலும் உண்டா, வகுப்பு நாளில் டியூட்டி மாற்றித் தருவார்களா, படித்து முடித்தபின் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும், இடையில் விலகினால் முழுக் காசையும் கேட்பார்களா, இருந்த காலத்தைக் கழித்து மிச்சத்தைக் கேட்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பொண்ட் என்றதும் பயப்படத் தேவையில்லை. காசு போட்டவன் சில வருடம் இருக்கச் சொல்வது நியாயம்தான். எழுத்தில் இல்லாத பொண்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

இன்னொன்றையும் பலர் அங்கே போன பிறகுதான் அறிகிறார்கள். இங்கே தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் படித்து எடுக்கும் டிப்ளோமாவோடு போனால், அங்கே பெரும்பாலும் நேராக முதுமாணிக்குச் சேர முடியாது. முதலில் இளமாணிப் பட்டம் கேட்பார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் எடுத்தவர்களும், வேலை செய்தபடியே திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் அந்த ஒரு படியை இங்கேயே தாண்டிவிடுகிறார்கள்.

அப்படி வேலை செய்தபடியே படித்த ஒருத்தி என் வார்டிலும் இருந்தாள். கட்டணத்துக்காகக் கையில் கிடந்த இரண்டு காப்பையும் வங்கியில் அடகு வைத்தாள். பரீட்சைக்குக் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய், எழுதி முடித்து, மறுபடி இரவு பஸ்ஸில் திரும்பி, காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்பாள். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது ரோஸ்டரில் மாற்றிக்கொடுத்த நாட்கள் மட்டும்தான். ஒரு ரூபா உதவியாவது வாங்கிக்கொடுக்கலாம் என்று மேலே எழுதினேன். பதிலே வரவில்லை. அவள் இப்போது அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள்.

2014இல் லான்செட் மருத்துவ இதழில் லிண்டா எய்க்கன் என்ற பேராசிரியரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 9 ஐரோப்பிய நாடுகளில் 300 வைத்தியசாலைகள், சத்திரசிகிச்சை செய்துகொண்ட நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். பட்டம் பெற்ற தாதியர் 10 வீதம் கூடிய இடங்களில், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் குறைந்திருந்தது. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதை முதலில் கவனிப்பது பக்கத்தில் நிற்கும் தாதிதான் என்று தெரிந்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தாதியரை வேலைக்கு எடுக்கும் தனியார் வைத்தியசாலைகளையும், மாகாணச் சுகாதார அதிகாரிகளையும் கேட்கிறேன். முழுச் செலவையும் ஏற்க முடியாவிட்டால் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால், வகுப்பு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். படித்து முடித்தபின் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நம் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள்.

மஞ்சள் பேனாக்காரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஏஜென்சி இல்லாமல் நேரடியாக ஆள் எடுக்கும் இரண்டு வைத்தியசாலைகளுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். உங்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் பத்திரிகைக்குத் தாதியர் வேலை விளம்பரம் கொண்டுவருபவர்களிடம், கல்வி உதவி உண்டா, எவ்வளவு, யார் கொடுப்பது என்று கேட்டு, அதையும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய சகோதரி,
கல்லடி, மட்டக்களப்பு